அக்கா எழுதிய நற்சான்று

கல்லாத்துமேடு,
12 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சேசுவுக்கே தோத்திரம். நான் இங்கே சுகம். நீயும் மச்சானும் உன் மகள் ஜெனோவும் சுகந்தானே? சரக்குத் தோணிகளுக்கு ஓட்டமில்லாத மாதங்கள் இவை, மச்சான் வீட்டில்தான் இருப்பார். நான் கேட்டதாகச் சொல்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. இந்த மலையில் டவர் கிடையாது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கீழே இறங்கினால் ஒரு வளைவில் இரண்டு கோடு காட்டும். அங்கே நின்று பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. தபால் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காக வருகிறது.

இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு மாற்றலாகி வந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. முதல் மாதம் அழுதேன், உனக்கே தெரியும். இப்போது அழுகை இல்லை. மூச்சிறைப்பும் இல்லை.

ஒரு சங்கதி. நாச்சம்மாள் என்று ஒரு அம்மா திருப்பூரில் மகனோடு இருக்கப் போகிறார்கள். அவர்கள் வீடு விலைக்கு வருகிறது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, தகரக் கூரை, கல் சுவர். பின்னால் நாலு காப்பிச் செடி, ஒரு நாரத்தை மரம். அவர்கள் சொல்லும் விலைக்கு தூத்துக்குடியில் ஒரு கார் நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது. என் சேமிப்பே போதும், கடன் வேண்டாம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்தாயிற்று.

வாங்கலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்லுகிறாய்?

உன் அன்புத் தங்கச்சி,
அல்போன்சா


திரேஸ்புரம், தூத்துக்குடி,
27 ஜூன் 2023

அன்புத் தங்கச்சி அல்போன்சாவுக்கு அக்கா பிளாரன்ஸ் எழுதிக்கொண்டது,

மாதா கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். மச்சானுக்கு முட்டுவலி. ஜெனோவுக்குப் பரிட்சை முடிந்தது.

வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். மலையில் மழை என்றால் சும்மாவா? மண் சரிந்து ஒரு தெருவே போனது என்று டிவியில் காட்டுகிறான். சிறுத்தை வருகிறது என்கிறார்கள். நாற்பத்து நாலு வயதில் ஒற்றைப் பொம்பளை, காய்ச்சல் என்று படுத்தால் ஒரு வாய் கஞ்சி யார் தருவார்? அவ்வளவு மலிவாக ஒருவர் கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

மச்சானிடம் சொன்னேன். "நல்லதுதானளா, அவளுக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்! ஐந்து அண்ணன் தம்பிமாருக்குப் பாகம் பிரியாத வீட்டில் ஆஸ்பெட்டாஸ் ஷீட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருபத்தாறு வருஷமாக நான் குடித்தனம் பண்ணுகிறேன். எனக்கென்று ஒன்று வேண்டாமா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

நீ இருந்த பின்னறையில் தையல் மிஷினைப் போட்டிருக்கிறேன். நீ வருகிறாய் என்றால் எடுத்துவிடுவேன். யோசித்துச் செய்.

அக்கா,
பிளாரன்ஸ்


கல்லாத்துமேடு,
16 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம்.

நலம். மச்சானின் முட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

நீ கேட்டது சரிதான், மலிவுக்குக் காரணம் இருக்கிறது. ஓட்டை இல்லை, ஒரு நிபந்தனை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் வந்து ஏழு வீடு வாங்கினார்களாம். அத்தனையும் லாட்ஜ் ஆயிற்று. சனி, ஞாயிறு பாட்டுச் சத்தம், மற்ற நாள் பூட்டு. ஊரில் ஆள் குறைந்து பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள்தான் மிச்சம். அதனால் ஊர்க் கமிட்டி கூடி, இனிமேல் குடியிருக்க வருகிறவர்களுக்குத்தான் வீடு, அவர்களுக்குக் குறைந்த விலை என்று முடிவு செய்திருக்கிறார்கள். நாச்சம்மாளும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

வெளியாள் வாங்கினால் அவர்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் கடிதம் எழுத வேண்டும். ஆள் எப்படிப்பட்டவர், இங்கேயே இருப்பாரா என்று. கமிட்டித் தலைவர் ராசாக்கண்ணு பெயருக்கு. அதைக் கூட்டத்தில் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள், அக்கா? நாலு வரி எழுதிப் போடு.

போன புதன்கிழமை நாச்சம்மாள் சாவியைக் கொடுத்து, "ஒரு பகல் இருந்து பாருங்க தாயி" என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் யாரும் தட்டவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன் என்றால் நம்புவாயா?

உன் தங்கச்சி,
அல்போன்சா


கல்லாத்துமேடு,
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. திருவிழா வேலையாக இருந்திருப்பாய். கூட்டம் செப்டம்பர் பத்தாம் தேதி. அதற்குள் உன் கடிதம் தலைவர் கைக்கு வந்துவிட்டால் போதும். மேலே விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

தங்கச்சி,
அல்போன்சா


திரேஸ்புரம்,
28 ஆகஸ்ட் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் தைலம் வந்தது.

திருவிழாவுக்கு மணப்பாட்டிலிருந்தும் வேம்பாற்றிலிருந்தும் மச்சானின் சொந்தக்காரர்கள் வந்து பத்து நாள் தங்கினார்கள். ஹாலில் பதினோரு பேர் படுக்கை. நான் அடுப்படியில் உட்கார்ந்தே தூங்கினேன். எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். "அவ மலையில பங்களா வாங்கப் போயிருக்கா" என்றேன். "நம்ம அல்போன்சாவா!" என்று வாயைப் பிளந்தார்கள். இந்த வீட்டுப் பெரிய ஓரகத்தி மட்டும், "ஒனக்கு முன்னாடி அவ வாங்கிட்டாளா?" என்றாள். அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாளோ என்னவோ.

கடிதம் எழுதிப் போட்டுவிடுகிறேன். கவலைப்படாதே.

அக்கா,
பிளாரன்ஸ்


திரேஸ்புரம், தூத்துக்குடி,
29 ஆகஸ்ட் 2023

கல்லாத்துமேடு ஊர்க் கமிட்டித் தலைவர் உயர்திரு ராசாக்கண்ணு ஐயா அவர்களுக்கு, நர்ஸ் அல்போன்சாவின் உடன்பிறந்த அக்கா பிளாரன்ஸ் பாஸ்கல் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்களும் ஊராரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் தங்கச்சியைப் பற்றி எழுதச் சொன்னீர்களாம். கூடப்பிறந்தவள் என்பதற்காக உள்ளதை மறைப்பது பாவம்.

அவள் பிடிவாதக்காரி. ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. எங்கள் அம்மா இறந்த பிறகு என் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள் பதினாலு வருஷம் நகரவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட இரண்டு நாள் வெளியூரில் தங்க மாட்டாள். ஜவுளிக்கடை, சினிமா எதிலும் விருப்பம் கிடையாது. என் மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு நல்ல மாப்பிள்ளை வந்தான். பிள்ளையை யார் பார்ப்பது என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டாள். அப்படிப்பட்ட முரடு.

அடுத்தவர் காரியத்தில் தலையிடுவாள். தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பாள். சாக்கடை அடைத்திருந்தால் தெருவையே கூட்டி வைத்து ஏசுவாள். காலை நாலு மணிக்கு எழுந்து மற்றவர் தூக்கத்தையும் கெடுப்பாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவளைப் பார்க்க யாரும் வரப்போவதும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வருஷத்தில் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்துவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். வீட்டை வாங்கிப் பூட்டிப் போடத்தான் போகிறாள். பிறகு எங்களைக் குறை சொல்லக் கூடாது என்று இப்போதே எழுதுகிறேன். முடிவு தங்கள் கையில்.

இப்படிக்கு,
பிளாரன்ஸ் பாஸ்கல்


திரேஸ்புரம்,
5 அக்டோபர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? கூட்டம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா?

வீடு கிடைக்கவில்லை என்றால் மனதை விட்டுவிடாதே. எல்லாம் நல்லதுக்கே என்று எடுத்துக்கொள். தையல் மிஷினை ஹாலுக்கு மாற்றிவிட்டேன். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மச்சானின் தோணி திங்கட்கிழமை மாலத்தீவுக்குப் புறப்பட்டுப் போயிற்று. காய்கறியும் ஜல்லியும் சரக்கு. அவர் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உடனே பதில் போடு.

அக்கா,
பிளாரன்ஸ்


கல்லாத்துமேடு,
8 நவம்பர் 2023

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம். கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் என் பெயரில் ஒரு மெழுகுதிரி வைத்திருப்பாய்.

வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. அக்டோபர் இருபதாம் தேதி பத்திரம் பதிந்தாயிற்று. எப்படிக் கிடைத்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

வந்த கடிதத்தைச் சபையில் உரக்க வாசிப்பது இங்கே வழக்கம். எனக்கு அது தெரியாது. நாற்பது பேர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் கவரைப் பிரித்தார். உன் எழுத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். சிரித்த முகமாகத்தான் நின்றேன். 'பிடிவாதக்காரி' என்ற இடத்தில்கூட, அக்கா கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளைச் சங்கதி வந்தபோதுதான் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரார் என்னவோ வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கடை விஷயம் வந்ததும் ஒரு அம்மா, "இங்கிட்டும் அதேதான், போன வாரம் நர்சம்மா என்னைய வஞ்சுச்சு" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பதினாலு வருஷம் நகரவில்லை என்றதும் ராசாக்கண்ணு, "நமக்கு அதுதானப்பா வேணும்" என்றார். கூப்பிடாமலே போய் நிற்பாள் என்றதற்கு ஒரு பெரியவர் தலையாட்டினார். நீ என்மேல் சொன்ன குற்றமெல்லாம் அவர்களுக்கு நற்சான்றாகத் தோன்றியது.

வாத்தியார் கடைசிப் பாகத்தையும் வாசித்து முடித்தார். ராசாக்கண்ணு என்னைப் பார்த்து, "ஒரு வருசத்துல திரும்பிருவேன்னு வாக்குக் குடுத்தீங்களா தாயி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் வீடு போயிற்று. இல்லை என்றால் என் அக்கா பொய் எழுதினாள் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னதாகிவிடும். பிறகு சொன்னேன். "எங்க அக்காவுக்கு நான் திரும்பி வந்துரணும்னு ஆசை. அந்த ஆசையில எழுதிட்டா."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று.

நான் சொன்ன பதில் மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியாது, அக்கா. அது உனக்குத்தான் தெரியும்.

கிறிஸ்மசுக்கு வரவில்லை.

அல்போன்சா


திரேஸ்புரம்,
30 நவம்பர் 2023

அல்போன்சாவுக்கு,

சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுகமாயிரு.

உன் கேள்விக்குப் பதில். நீ சொன்னது பாதி மெய். நீ போன பிறகு இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க ஆள் இல்லை. நீ திரும்பி வர வேண்டும் என்று நினைத்தேன். அது அன்பா, வேலைக்கு ஆள் தேடினேனா என்று என்னைக் கேட்காதே.

மிச்சப் பாதி பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஜூலையில் வந்த உன் கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஓரகத்தி தோளுக்குப் பின்னால் நின்றாள். குளியலறைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். கதவைச் சாத்தினேன், ஒரு மணி நேரம் யாரும் தட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படிக்கும்போதே வெளியே படபடவென்று தட்டினார்கள். "ஏளா, உள்ள தூங்குதியா?" என்று கொழுந்தன் பெண்டாட்டி கத்துகிறாள். கடிதத்தைக் கசக்கினேன். பிறகு நிமிர்த்தி மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன்.

நான் மூத்தவள். நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள், தோணி ஓட்டும் தண்டல் மாப்பிள்ளை, நகை நட்டு எல்லாம் எனக்கு. நீ என் பின்னறையில் இருந்தவள். அந்தக் கணக்கில்தான் நான் நிமிர்ந்து நடந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. உன் வீடு எனக்கு வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. உனக்கு இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு கேடு கெட்ட நினைப்பு.

எழுதி முடித்து, நீ ஒட்டி அனுப்பிய ஸ்டாம்போடு பெட்டியில் போட்டேன். கவர் விழுகிற சத்தம் கேட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். கை போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதன் பிறகு நிம்மதியாக இருந்தது என்பதும் மெய்தான்.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

பிளாரன்ஸ்


கல்லாத்துமேடு,
14 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

நலம். லீவுக்கு நீ அனுப்பிவைத்த ஜெனோ வியாழக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தாள். வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி, இறங்கியதும் இரண்டு தட்டுச் சோறு. நீ கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்தது. வறுத்த வாசனைக்குப் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

உன் கடிதத்துக்கு நாலரை மாதம் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன். என் கோபம் ஆறவில்லை என்று சொன்னால்தான் மெய். வீட்டுக்காக இல்லை. வீடு கிடைத்துவிட்டது. நான் ஜெனோவுக்காக மாப்பிள்ளையை வேண்டாம் என்றதை நீ முரடு என்று எழுதினாய். அது இன்னும் வலிக்கிறது. பத்து நாள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு நீ காய்ச்சலில் கிடந்தாய். அதை மறந்துபோய் எழுதினாயா, நினைவோடு எழுதினாயா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மே மாதம் வந்து உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு நாள் தங்கலாம். கம்பளி நான் வைத்திருக்கிறேன்.

அல்போன்சா


திரேஸ்புரம்,
27 மே 2024

என் தங்கச்சி அல்போன்சாவுக்கு,

நானும் ஜெனோவும் சுகமாக வந்து சேர்ந்தோம். மச்சான் கரைக்கு வந்துவிட்டார், உன்னைக் கேட்டார்.

இரண்டு நாளும் நீ என்னிடம் அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. சோறு போட்டாய், கம்பளி போர்த்தினாய். நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

உன் வீட்டு வாசலில் கால் வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இவ்வளவு சின்னதா, என் ஹாலில் பாதிகூட இல்லையே என்று ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தது. அவ்வளவு தூரம் வந்தும் என் புத்தி மாறவில்லை. உட்கார்வதற்குள் ஒருத்தி பீன்ஸ் கொண்டுவந்து வைத்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையின் தொண்டையைக் காட்டினாள். ஒரு தாத்தா வாசலில் நின்று, "நர்சம்மா சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில்கூட எதிர்பார்க்கவில்லை. அப்போது பொறாமை முன்னைவிட அதிகமாக வந்தது. இப்போது வீட்டின் மேல் இல்லை. திரேஸ்புரத்தில் என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் காலையில் நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, சும்மா இருப்பானேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். மூக்குத்தி போட்ட ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் கடுதாசி எழுதினவுகளா?" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவளே சிரித்துக்கொண்டு, "அக்காளுக்குத் தங்கச்சி மேல அம்புட்டுப் பாசம், திரும்பி வந்துரணும்னு எழுதிப்புட்டாகன்னு நர்சம்மா சொன்னுச்சு" என்றாள். நீ எனக்கு ஒரு போர்வை போட்டு வைத்திருந்தாய். நான் தலையாட்டியிருந்தால் போதும், அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். ஊருக்கு நான் பாசக்கார அக்காவாகவே திரும்பியிருப்பேன்.

"பாசத்துல எழுதல" என்றேன். "அவ ஒரு வாக்கும் குடுக்கல. நான் பொய் எழுதினேன்."

மூக்குத்திக்காரியின் குடம் குழாயடியில் நிறைந்துகொண்டிருந்தது. "எதுக்கு?" என்றாள் அவள்.

"பொறாமை. எனக்குன்னு ஒரு வீடு இல்ல. அவளுக்குக் கெடச்சிரக் கூடாதுன்னு எழுதினேன்."

ஏசுவார்கள் என்று நின்றேன். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த மூக்குத்திக்காரி என் முகத்தையே பார்த்தாள். பிறகு நிறைந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "உங்க முறை வந்துருச்சு, குடத்தை வைங்க" என்றாள்.

வைத்தேன். குடம் சாய்ந்து தண்ணீர் பாதி வெளியே போயிற்று. அவளே குடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

இதை உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். ஜெனோவைப் பற்றி நீ கேட்டதற்கும் பதில் உண்டு. மறந்து எழுதவில்லை, நினைவோடுதான் எழுதினேன். உன்னைச் சின்னதாக்க எனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. பஸ் இறங்க இறங்க உன் தகரக் கூரை தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஆனால் உன்னைப் பற்றி இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். நேற்றுப் பெரிய ஓரகத்தி கேட்டாள். "நல்ல வீடு. அவளே சம்பாதிச்சு வாங்கினது" என்றேன். சொல்ல எனக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்கு முன்னால் கூரை ஆணிகளை ஒரு தடவை பார்க்கச் சொல்.

உன் அக்கா,
பிளாரன்ஸ்